கல்லாற்றங்கரையில் ஓர் அடக்கப் பாட்டு

என் மகள் முழுக்கு ஞானஸ்நானம் எடுக்கப் போவதாகச் சொன்னது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். நான் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ஈஸ்டர் பாட்டில் கொயரில் நான் பாடும் பேஸ் பகுதியைப் பென்சிலால் குறித்துக்கொண்டிருந்தேன். அவள் ஷூ மாட்டிக்கொண்டே, பல் டாக்டரிடம் போக வேண்டும் என்பதுபோல, "அடுத்த மாசம் ரெண்டாவது சனிக்கிழம அப்பா. கல்லாத்துல" என்றாள். பிறகு கம்பெனி பஸ் வந்துவிடும் என்று ஓடிவிட்டாள். என் கையில் பென்சில் முனை உடைந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். உடையவில்லை. அந்த வரியை முழுவதும் குறித்து முடித்துவிட்டுத்தான் எழுந்து சமையலறைக்குப் போய் என் மனைவியிடம் கத்தினேன்.

"ஒனக்கு இது தெரியுமா?"

"ரெண்டு மாசமாத் தெரியும்" என்றாள் அவள், தேங்காய் துருவுவதை நிறுத்தாமல். "நீங்க இப்பிடிக் கத்துவீங்கன்னுதான் சொல்லல்ல."

நாங்கள் நாகர்கோவில் பக்கத்துக்காரர்கள். வேலைக்காகத் திருவனந்தபுரம் வந்து, செக்ரட்டேரியட்டில் ஃபைல்களோடு மல்லுக்கட்டி, ஓய்வும் பெற்று, இங்கேயே தங்கிவிட்ட குடும்பம். ஞாயிறு காலை ஏழு மணிக்கு எங்கள் தமிழ் ஆராதனை. அது முடிந்து நாங்கள் வெளியே வரும்போது மலையாள ஆராதனைக்காரர்கள் வாசலில் காத்திருப்பார்கள். எங்கள் சபையில் பிள்ளை பிறந்த சில மாதங்களிலேயே ஞானஸ்நானம். போதகர் கல்தொட்டியிலிருந்து மூன்று முறை தண்ணீர் அள்ளித் தலையில் விடுவார், பிள்ளை வீறிடும், எல்லாரும் சிரிப்பார்கள். ஆயுளுக்கு ஒரு தடவை, அவ்வளவுதான். வளர்ந்த பிறகு, தானாக நம்பி, ஆற்றில் முங்கித்தான் எடுக்க வேண்டும் என்று சொல்கிற சபைகளும் உண்டு. அங்கே போய் ஒருவர் முங்குகிறார் என்றால், பெற்றவர்கள் செய்ததை அவர் ஞானஸ்நானமாகவே எண்ணவில்லை என்றுதான் எங்கள் ஆட்கள் எடுத்துக்கொள்வார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் வைத்துக் கேட்பார்கள், "ஒங்க பொண்ணு முங்கிட்டாளாமே?" என்று.

இது நான் வெளியே சொல்லிக்கொண்ட காரணம். உள்ளே வேறொன்று இருந்தது.

என் மகளின் ஞானஸ்நானம் கல்தொட்டியில் நடக்கவில்லை. அவள் ஏழாம் மாதத்தில் பிறந்தவள். மூன்றாம் நாள் காலையில் டாக்டர் என்னைத் தனியே அழைத்து மலையாளத்தில் மிக மெதுவாகப் பேசினார். அவர் அவ்வளவு மெதுவாகப் பேசியதிலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆஸ்பத்திரி வாசலில் இருந்த பூத்திலிருந்து போதகருக்கு ஃபோன் செய்தேன். மழையில் நனைந்து ஸ்கூட்டரில் வந்தார். பாட்டில் பால் குடிக்கத் தெம்பில்லாத பிள்ளைகளுக்குப் புகட்டும் பாலாடையில், ஆறவைத்த வெந்நீரை ஒரு நர்ஸ் கொண்டுவந்து கொடுத்தார். போதகர் கண்ணாடிப் பெட்டியின் வட்ட ஓட்டை வழியாகக் கையை விட்டு, விரலை நனைத்து, பிள்ளையின் நெற்றியில் மூன்று முறை தொட்டார். என் மனைவி வேறொரு வார்டில் மயக்கத்தில் கிடந்தாள். எங்கள் வீட்டு ஆள் என்று நான் ஒருவன்தான் பக்கத்தில் நின்றேன்.

பிள்ளை பிழைத்தது. ஆனால் அந்த நாளைப் பற்றி நான் அவளிடம் வாய் திறந்ததே இல்லை. குறைமாசத்தில் பிறந்தாய், ஆஸ்பத்திரியிலேயே ஞானஸ்நானம் ஆனது என்ற அளவுக்குத்தான் அவளுக்குத் தெரியும். அந்த விரல்நுனித் தண்ணீரால்தான் அவள் உயிரோடு இருக்கிறாள் என்று நான் நம்பியிருந்தேன். அதைப் போதாது என்று சொல்லி ஒரு ஆற்றைத் தேடிப் போகிறாளே என்றுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவளை அந்தப் பக்கம் இழுத்தது பாட்டு. அதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாட்டை அவளுக்கு வீட்டில் கொடுத்தவன் நான். எங்கள் கொயரில் நான் முப்பத்தைந்து வருஷமாக பேஸ், அதாவது அடிக்குரல். ராகம் எங்களுடையது அல்ல. அது சோப்ரானோ பாடும் பெண்களுடையது. நாங்கள் பின்வரிசையில் நின்று ஒரே சுரத்தில் நாலு சொல், அடுத்த சுரத்தில் நாலு சொல் என்று பாட்டைத் தாங்கிக்கொண்டிருப்போம். எங்களைத் தனியாகக் கேட்டால் என்ன பாட்டு என்று யாருக்கும் தெரியாது. என் மகள் பன்னிரண்டு வயதில் முன்வரிசைக்கு வந்தாள். பத்து வருஷம் பாடினாள். ஒருநாளும் சுருதி விலகியதில்லை. பிறகு வேலை கிடைத்து, கழக்கூட்டத்தில், உடன் வேலை செய்கிறவர்கள் கூடும் ஒரு சபைக்கு ஒரு ஞாயிறு போனாள், இன்னொரு ஞாயிறு போனாள். முன்வரிசையில் அவள் இடம் காலியானது.

குறை கண்டுபிடிக்கவென்றே ஒருநாள் நானும் போனேன். ஒரு துணிக்கடைக்கு மேலே இருந்த ஹால். ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடியிருந்தார்கள். நீல விளக்கு, டிரம்ஸ், கீபோர்டு, மூன்று கிட்டார், சுவரில் பெரிய திரையில் வரிகள். நாலு வரிப் பாட்டு. முடியும், மறுபடி தொடங்கும், மெதுவாகும், மறுபடி ஓங்கும். அந்த நேரத்துக்குள் நாங்கள் ஒரு ஞானப்பாட்டின் ஆறு சரணத்தையும் பாடி ஆமென் சொல்லி உட்கார்ந்திருப்போம். பாதி மலையாளம், பாதி இங்கிலீஷ், நடுவில் போனால் போகிறதென்று ஒரு வரி தமிழ். எல்லாரும் ஒரே ராகத்தைப் பாடினார்கள். பேஸுக்கு அங்கே வேலையே இல்லை. கல்யாண வீட்டில் தப்பான பந்தியில் உட்கார்ந்தவன்போல விழித்துக்கொண்டு நின்றேன்.

பிறகு மேடையில் மைக் முன்னால் நின்ற என் மகளைப் பார்த்தேன். கண்ணை மூடியிருந்தாள். கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, அதைத் துடைக்கவும் இல்லை. எங்கள் சபையில் பாடிய பத்து வருஷத்தில் அவள் ஒருமுறைகூட அழுததில்லை. எனக்கு வந்தது பொறாமை. அதற்கு வேறு பெயர் வைத்து என்ன பயன்?

"எப்பிடி இருந்தது அப்பா?" என்று திரும்பும்போது கேட்டாள்.

"சத்தம் கொள்ளாம்" என்றேன், சத்தம் மட்டும் பரவாயில்லை என்பதுபோல.

சிரித்தாள். பிறகு வீடு வரும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

கல்லாற்று விஷயம் வந்தபின் இரண்டு வாரம் எங்களுக்குள் பேச்சே இல்லை. பேசியபோது சண்டையாகத்தான் பேசினேன்.

"நீ தண்ணியில எறங்கினா, நாங்க செஞ்சது ஞானஸ்நானமே இல்லன்னு ஊருக்குச் சொல்லுத. அத நான் வந்து நின்னு பாக்கணுமா?"

"அப்பிடிச் சொல்லல்ல அப்பா. அன்னைக்கு எனக்காக நம்புதேன்னு நீங்க சொன்னீங்க. இப்போ அத நானே சொல்லுதேன். ரெண்டும் தம்மில் சண்ட ஒண்ணும் இல்லல்லோ."

"எனக்குச் சண்டதான்."

அவள், "அங்க ஒரு வழக்கம் உண்டு" என்றாள். "வெள்ளத்துல இருந்து கேறி வரும்போ, வீட்டு ஆளு ஒருத்தங்க துவர்த்து வச்சிட்டு கரையில நிக்கணும். ஆரும் இல்லன்னா பாஸ்டருக்க வைஃப் நிப்பாங்க. நீங்க வரல்லன்னாலும் சாரமில்ல அப்பா."

பரவாயில்லை என்று சொன்ன அந்தச் சாரமில்ல எனக்குச் சோறு இறங்கவிடாமல் செய்தது. என் பிள்ளை ஈரத்தோடு ஏறி வரும்போது யாரோ ஒரு பெண்மணி துண்டு போர்த்த வேண்டுமா? அப்படியும் போகக்கூடாது என்றது வீம்பு. போகாவிட்டால் இனி அவள் எதற்கும் கூப்பிட மாட்டாள் என்பதும் தெரிந்தது. பெண் மெதுவாகத் தூரப் போய்க்கொண்டிருந்தாள், கையெட்டும் தூரம் இன்னும் கொஞ்சம்தான் பாக்கி என்று எனக்கு நன்றாகவே தெரிந்தது.

என் மனைவிதான் வழி கண்டுபிடித்தாள். "எனக்க முட்டுவலிய வச்சிட்டு நான் பஸ் ஏற முடியாது. நீங்க வண்டி ஓட்டிட்டு வாங்க. ஆத்துல எறங்கண்டாம், வண்டியிலயே இருங்க." அப்படியாக நான் டிரைவராகப் போனேன். எங்கள் சபையில் பிறகு கேட்டவர்களிடமும் டிரைவராகப் போனேன் என்றே சொன்னேன்.

அந்தச் சனிக்கிழமை காலை அவர்கள் வேன் முன்னால் போக, நாங்கள் பின்னால் போனோம். மகள் வேனில் இருந்தாள். நெடுமங்காடு தாண்டி விதுராவில் டீ குடிக்க நிறுத்தியபோது, என் மனைவி இரண்டு ரசவடையைக் காகிதத்தில் பொதிந்து அவளுக்கென்று கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். நான் காரைவிட்டு இறங்கவில்லை. கல்லாற்றில் உருண்டைப் பாறைகளுக்கு நடுவே தண்ணீர் தெளிவாக ஓடிக்கொண்டிருந்தது. பொன்முடிப் பக்கம் வானம் இருட்டியிருந்தது. ரோட்டோரக் கடைக்காரர் வெளியே வந்து, "மேலெ மழையுண்டு சாரே, வேகம் தீர்த்தோ" என்று சீக்கிரம் முடிக்கச் சொன்னார். மலையில் மழை பெய்தால் இங்கே சொல்லாமல் கொள்ளாமல் தண்ணீர் ஏறும்.

முங்க வந்தவர்கள் நாலு பேர். யார் தண்ணீரில் இறங்குகிறார்களோ, அவர்கள் விரும்பிக் கேட்ட பாட்டைக் கரையில் நிற்பவர்கள் பாட வேண்டும். அதுவும் அவர்கள் வழக்கம். முதல் மூன்று பேருக்கும் அவர்களுடைய ஹால் பாட்டுகள். ஒரே ஒரு கிட்டார், கைத்தட்டல். திரை இல்லை, நீல விளக்கு இல்லை, ஆற்றுச் சத்தத்துக்கு மேலே வெறும் குரல்கள். அதில் ஒரு பாட்டு நன்றாகவே இருந்தது. இதை நான் அன்று யாரிடமும் ஒப்புக்கொள்ளவில்லை.

நான் மேலே காரில் சாய்ந்து நின்றேன். என் மனைவி பாதி வழி இறங்கி, அதற்குமேல் கால் வராமல், மடியில் துவர்த்தை வைத்துக்கொண்டு ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டாள். நாலாவதாக என் மகள் இறங்கினாள். வெள்ளைச் சுடிதார். இடுப்பளவு தண்ணீரில் பாஸ்டர் பக்கத்தில் போய் நின்றாள். குளிரில் தோள் இரண்டும் தூக்கியிருந்தன. கரையைப் பார்த்தாள், தன் அம்மாவைப் பார்த்தாள், பிறகு பார்ப்பதை நிறுத்திவிட்டாள்.

கிட்டார் பையனும் கூட நின்றவர்களும் ஃபோனை எடுத்துத் தட்டினார்கள். ஒருவர் ஃபோனை ஒருவர் எட்டிப் பார்த்தார்கள். "ரேஞ்ச் இல்ல" என்றான் ஒருவன், சிக்னல் கிடைக்காமல். அவள் கேட்டிருந்தது ஒரு தமிழ்ப் பாட்டு. வரிகளையும் ராகத்தையும் முன்பே அனுப்பியிருந்தாளாம். வந்த இடத்தில் திறந்து பார்த்துக்கொள்ளலாம் என்று எல்லாரும் இருந்துவிட்டார்கள். கோட்டயத்துக்காரன் ஒருவன் நினைவிலிருந்து முதல் வரியைத் தட்டுத்தடுமாறிச் சொல்லிப் பார்த்தான். அப்போதுதான் எனக்கு அது என்ன பாட்டு என்று தெரிந்தது.

அது எங்கள் அடக்கப் பாட்டு. பெட்டியைக் குழிக்குள் இறக்கும்போது கொயர் பாடும் ஞானப்பாட்டு. ஆலயத்துக்குள் அதைப் பாட மாட்டோம், வீட்டிலும் முணுமுணுக்க மாட்டோம்; கல்லறைத் தோட்டத்தில் மட்டும்தான். முங்குவது என்றால் பழைய ஆள் அடக்கமாகிப் புது ஆள் எழும்புவது என்று அந்தப் பாஸ்டர் சற்றுமுன் மலையாளத்தில் சொன்னது ஞாபகம் வந்தது. அதற்குப் பொருத்தமாக அவள் எங்கள் புத்தகத்திலிருந்து எடுத்திருக்கிறாள். நான் வரமாட்டேன் என்று நினைத்துக்கொண்டுதான் எடுத்திருக்கிறாள்.

அந்த மூன்றாம் நாள், ஆஸ்பத்திரி வராந்தாவில், நான் இந்தப் பாட்டைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நாளைக்கு கொயர் வரும், இதைப் பாடும், நான் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்பதா, பேஸ்காரர்களோடு நிற்பதா என்று யோசித்தேன். பெற்ற தகப்பன் அப்படி யோசித்தேன். இதை எழுத எனக்கு இத்தனை வருஷம் ஆயிற்று.

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. பாறைகளின் மேல் செருப்பு வழுக்க, தண்ணீர் ஓரத்துக்கு வந்து நின்று, பாட ஆரம்பித்தேன். வந்தது பேஸ். வேறென்ன வரும்? முப்பத்தைந்து வருஷத்தில் அந்தப் பாட்டின் ராகத்தை நான் ஒருமுறைகூடப் பாடியதில்லை. ஒரே சுரத்தில் முதல் ஐந்து சொல், ஒரு படி கீழே மூன்று சொல். பையன்கள் திகைத்துப் பார்த்தார்கள். ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். ராகத்தைப் பிடிக்க முயன்றேன். இரண்டு சுரம் மேலே ஏறிவிட்டு, பழக்கப்பட்ட மாடு தொழுவத்துக்குத் திரும்புவதுபோல மறுபடி அடிக்குரலுக்கே வந்தேன். எனக்கு அவமானமாக இருந்தது. நிறுத்தவும் முடியவில்லை.

தண்ணீருக்குள்ளிருந்து ராகம் வந்தது. என் மகள் பாடினாள். எனக்கு மேலே, எங்கள் பழைய முன்வரிசையில் நின்று பாடியதுபோலவே, சுருதி விலகாமல். முதல் சரணம் முடிந்தது. இரண்டாம் சரணத்துக்கு எனக்குச் சொல் வரவில்லை. அத்தனை வருஷமும் புத்தகத்தைப் பார்த்தே பாடியிருக்கிறேன், பாட்டு ஒன்றும் மனதில் தங்கவில்லை. அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அவள் சொற்களைப் பாட, நான் வாயை மூடி சுரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சரணத்தின் நடுவில் பாஸ்டர் அவளைப் பார்த்தார். அவள் பாடிக்கொண்டே தலையசைத்தாள். அவர் அவள் முதுகில் கை கொடுத்துச் சாய்த்தார். ராகம் தண்ணீருக்குள் போய்விட்டது. கரையில் என் அடிக்குரல் மட்டும் மிச்சம். ஒரு வினாடியோ இரண்டு வினாடியோதான். நான் அந்த ஒரு சுரத்தை விடவில்லை. விட்டால் அவள் வரமாட்டாள் என்று தோன்றியது. அவள் மூச்சுவாங்கிக்கொண்டு எழும்பினாள்.

மேலே ஓடி என் மனைவியின் மடியிலிருந்து துவர்த்தைப் பிடுங்கிக்கொண்டு வந்து, முழங்கால்வரை தண்ணீரில் இறங்கினேன். அவள் என்னிடம் நேராக வந்தாள். அவள் தலையைத் துவட்டிக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். டாக்டர், நனைந்து வந்த போதகர், பாலாடைத் தண்ணீர், பெட்டிக்குப் பக்கத்தில் நிற்பதா கொயரோடு நிற்பதா என்று யோசித்தது, எல்லாவற்றையும். பல் கிட்டிக்க அவள் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"அப்போ நீங்க ஜெபம் பண்ணினீங்களா அப்பா?"

"கேட்டேன். பிள்ளையத் தாரும் ஆண்டவரே, இனி வேற ஒண்ணும் கேக்கமாட்டேன்னு சொன்னேன்." துவர்த்தை அவள் தோளில் சுற்றினேன். "அதுக்கப்பறம் ஒண்ணும் கேட்டதில்ல மக்ளே. பாட்டோட சரி. என்னக் கண்டா குடுத்தது ஞாபகம் வந்து திருப்பிக் கேட்டுருவாரோன்னு பயம். அதான் பின்வரிசையில புத்தகத்துக்குள்ள தலைய வச்சிட்டு நின்னேன். நீயா இங்க வந்து ஒன்ன அவருக்குக் குடுக்கப்போறேன்னு சொன்னா, நான் எப்பிடிச் சம்மதிக்க?"

அவள் குளிர்ந்த கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். மேலே கடைக்காரர் கையை வீசி எங்களைக் கூப்பிட்டார். மழை பாறைகளில் புள்ளி வைக்கத் தொடங்கியிருந்தது. அவள் என் கையை விட்டுவிட்டு, வெறுங்காலோடு, அந்த ஈரப் பாறைகளின் மேல் எனக்கு முன்னால் ஏறிப் போனாள்.

இவள் வழுக்கி விழாமல் பார்த்துக்கொள்ளும் ஆண்டவரே என்றேன். இருபத்தாறு வருஷத்துக்குப் பிறகு நான் அவரிடம் கேட்டது அதுதான்.